வளமும் இருப்பும்: காவிரிப் படுகை எண்ணெய், எரிவாயு நிறுவனங்களும் சிறு முதலீட்டாளரும்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் தேடும் நிறுவனத்தின் பங்கை வாங்கும் சிறு முதலீட்டாளர், நிலத்தடியில் எவ்வளவு இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையே விலை கொடுத்து வாங்குகிறார். அம்மதிப்பீடு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு குறைகிறது, அதைத் தமிழில் எச்சொற்களால் பேசினோம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1879 முதல் 1882 வரையிலான வயநாட்டுப் பொன் வேட்டையை முன்நிகழ்வாகக் கொண்டு, காவிரிப் படுகையின் கடற்பகுதியிலுள்ள பி.ஒய்.-1, பி.ஒய்.-3 வயல்களின் நிறுவன வரலாறு இங்கு விரித்துரைக்கப்படுகிறது. ‘வளம்’, ‘இருப்பு’ என்னும் இரு சொற்களும் பொதுவழக்கில் ஒன்றாகக் கலந்தமை சிறு முதலீட்டாளரின் இழப்பிற்கு ஒரு துணைக்காரணமாயிற்று என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: காவிரிப் படுகை, துரப்பணம், சிறு முதலீட்டாளர், தொல்பாறைத் தேக்கம், வளம், இருப்பு, பங்குச் சந்தை வரலாறு

1. முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்திலிருந்து மலையேறும் சாலையில் அமைந்துள்ள பாச்சலூர், கீழ்ப் பழனிமலையின் காப்பி, மிளகு, வாழை விளையும் ஊர்களுள் ஒன்று. இவ்வூரின் அடிநிலம் சார்னோகைட் என்னும் தொல்பாறை. சென்னைப் பரங்கிமலையில் கிடைக்கும் அதே கல்வகைதான். தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். இப்பாறையில் எண்ணெய் உருவாக வழியில்லை. எண்ணெயோடு சற்றும் தொடர்பற்ற இம்மலையூரிலிருந்து கட்டுரையைத் தொடங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம் ஒரு தகரப்பெட்டி. கட்டுரையாளரின் பெரியப்பா வீட்டில், காப்பி மூட்டைக் கணக்குகளுக்கு நடுவே, 1990களில் வாங்கிய சில பங்குச் சான்றிதழ்கள் இருந்தன. எண்ணெய் தேடப்போவதாகச் சொல்லிப் பணம் திரட்டிப் பின்னர் முகவரியே இல்லாமற்போன ஒரு நிறுவனத்தின் சான்றிதழ்கள் அவை. அதன் பெயர் இவ்வாய்விற்குத் தேவையில்லை. அக்காலத்தில் அவ்வாறு மறைந்தவை பல. அவற்றைக் கண்டறிவதற்கென்றே 1999ஆம் ஆண்டில் நடுவணரசும் இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியும் இணைந்து ஒரு கண்காணிப்புக் குழுவை அமைக்க வேண்டியிருந்தது. எனினும், ஏமாற்று நிறுவனங்களின் கதை இக்கட்டுரையின் பொருளன்று. முறையாகப் பட்டியலிடப்பட்டு, தணிக்கை செய்யப்பட்டு, உண்மையிலேயே கிணறு தோண்டிய நிறுவனங்களிலும் சிறு முதலீட்டாளரின் கணக்கு ஏன் தவறியது என்பதே ஆராயத்தக்க வினா.

இரண்டாவது காரணம் ஆழ்துளைக் கிணறு. பாறைநிலத்தில் ஊற்றுக்கண் அகப்படுவது பாறை வெடிப்பைப் பொறுத்தது. ஓரிடத்தில் நீர் பீறிடும். பத்தடி தள்ளித் தோண்டினால் வெறும் கல்தூள் பறக்கும். பீறிட்ட கிணறும் முதற்கோடையிலேயே வற்றக்கூடும். வெடிப்பில் தேங்கியிருந்த நீர் அவ்வளவே. நீரோட்டம் பார்ப்பவருக்கும், திருச்செங்கோட்டிலிருந்து வரும் ரிக் வண்டிக்காரருக்கும் கூலி உறுதி. வண்டிக்காரர் அடிக்கணக்கில் வாங்குவார். நீர் வராத கிணற்றின் இழப்பு நிலத்துக்காரருக்கு மட்டுமே. மலையூரார் நன்கறிந்த இந்த ஏற்பாடு, கடலடியில் எரிவாயு தேடிய நிறுவனத்தின் வரலாற்றில் ஏறத்தாழ அப்படியே மீண்டும் நிகழ்ந்ததைப் பின்னர்க் காணலாம்.

2. முன்நிகழ்வு: வயநாட்டுப் பொன் (1879–1882)

மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலத்தடிப் பொருளை நம்பிச் சிறு முதலீட்டாளர் பணம் போட்ட முதல் பெருநிகழ்வு தென்கிழக்கு வயநாட்டில், இன்றைய நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர், தேவாலா பகுதிகளில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879இல் இந்திய அரசால் அழைக்கப்பட்டு, அப்பகுதியின் பொற்பாறைகளை ஆராய்ந்தார். அவரது அறிக்கை நம்பிக்கை தந்தது. தொடர்ந்து இங்கிலாந்தில் 40 கம்பெனிகள் அளவுக்குப் பதிவாயின. அவற்றின் பெயரளவு மூலதனம் ஏறத்தாழ 50 இலட்சம் பவுண்டு.

திரட்டிய பணத்தில் பெரும்பகுதி சுரங்கத்திற்குப் போகவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இலைநோயாலும் தண்டுத் துளைப்பானாலும் காப்பித் தோட்டங்கள் நலிந்திருந்த காலம் அது. விற்க வழியற்றிருந்த தோட்டங்கள் பொன் விளையும் நிலங்களாகப் பன்மடங்கு விலைக்குக் கம்பெனிகளின் தலையில் கட்டப்பட்டன. நிலத்தை விற்றவரும் கம்பெனியைத் தொடங்கி வைத்தவரும் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டனர். பாறையை இடித்து அரைத்தபோது டன்னுக்குச் சில பென்னிவெயிட் பொன்னே தேறியது. 1882க்குள் பெரும்பாலான கம்பெனிகளின் கதை முடிந்தது. டபிள்யூ. பிரான்சிஸ் 1908இல் வெளியிட்ட நீலகிரி மாவட்ட விவரச்சுவடி இவ்வேட்டையைச் சற்று எள்ளலோடு பதிவு செய்திருக்கிறது.

ஆனால், இதே அலையில்தான் கோலார் கம்பெனிகளும் தோன்றின. அங்கும் முதல் ஆண்டுகள் வெறுமையாகவே கழிந்தன. கலைத்துவிடலாம் என்ற நிலையில், எஞ்சிய பணத்தைக் கொண்டு தொடர்ந்து தோண்டியபோது 1880களின் நடுவில் சாம்பியன் பொற்படிவம் அகப்பட்டது. பொறுத்திருந்த பங்குதாரர் பெருஞ்செல்வம் அடைந்தனர். வயநாட்டுப் பங்குதாரரும் கோலார்ப் பங்குதாரரும் பணம் போட்ட நாளில் அறிந்திருந்தவை பெரிதும் வேறுபட்டவை அல்ல. பிற்காலத்தில் எண்ணெய்ப் பங்கு வாங்கியவர்கள் தமக்குள் சொல்லிக்கொண்ட ‘பொறுத்தவருக்கு ஒருநாள் கிடைக்கும்’ என்னும் வாதத்திற்குக் கோலார் போன்ற உண்மை நிகழ்வுகளே பின்புலம். அதனால் அவ்வாதத்தை முற்றிலும் மூடநம்பிக்கையாகத் தள்ளிவிட முடிவதில்லை.

3. பொதுப்பணத்தில் தேடல்

விடுதலைக்குப் பின் எண்ணெய் தேடலின் இடரை அரசு ஏற்றது. கே. டி. மாளவியாவின் முயற்சியால் 1956இல் உருவான எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் (ஓ.என்.ஜி.சி.) 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி சட்டமுறை அமைப்பாயிற்று. காம்பே, அங்கலேஷ்வர், 1974இல் பம்பாய் ஹை என அதன் கண்டுபிடிப்புகள் மேற்கிலேயே அமைந்தன. காவிரிப் படுகையில் 1960களில் தொடங்கிய துரப்பணம் நெடுங்காலம் சொல்லத்தக்க பயன் தரவில்லை. 1980களின் நடுவில் நரிமணம், கோவில்களப்பால் பகுதிகளில்தான் குறிப்பிடத்தக்க அளவில் எண்ணெய் அகப்பட்டது. நரிமணம் எண்ணெயை நம்பி நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993இல் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.

இருபதாண்டுக்கும் மேலாகத் தோண்டிய வறட்டுக் கிணறுகளின் செலவை ஏற்றது பொதுக்கருவூலம். தனியொருவரின் சேமிப்பு அதில் தொலையவில்லை. இந்நிலையில் 1983இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளொரேஷன் கம்பெனி (இனி ஹோயெக்) ஒரு திருப்பம். வீட்டுக்கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி.யை 1977இல் நிறுவிய எச். டி. பாரேக்கே இதனையும் தொடங்கினார். இந்தியாவில் எண்ணெய் தேடலில் இறங்கிய முதல் தனியார்துறை நிறுவனம் இதுவே. சிறு சேமிப்பாளரிடம் பணம் பெற்று வீடு கட்டக் கடன் கொடுக்கும் முறையை உருவாக்கியவர், அதே சேமிப்பாளரை எண்ணெய் தேடலிலும் பங்காளியாக்க முடியும் எனக் கருதியிருக்கலாம். வீட்டுக்கடனில் இடர் பல்லாயிரம் வீடுகளாகப் பிரிந்து நிற்கும். சிறிய எண்ணெய் நிறுவனத்திலோ அது ஒன்றிரண்டு வயல்களில் குவிந்துவிடும். இரண்டிற்கும் உள்ள இவ்வேறுபாட்டின் முழுப்பொருள் 2009க்குப் பிறகே வெளிப்பட்டது.

1991க்குப் பிந்திய பொருளாதார மாற்றங்களில் நமக்கு வேண்டியவை மூன்று. புதிய பங்குகளின் விலையை அரசு அலுவலர் முடிவு செய்யும் முறை 1992இல் நீங்கியது. ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்து விட்டிருந்த வயல்கள் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்கள்வழித் தனியாருக்கு வழங்கப்பட்டன. கோயம்புத்தூர்ப் பங்குச் சந்தை 1991இல் ஏற்பிசைவு பெற்றது. பழனிமலை அடிவாரத்திலிருந்தவர்களுக்கு அதுவே அருகிலமைந்த சந்தை. (அது 2013இலும், 1937இல் அமைப்பாக உருப்பெற்ற சென்னைப் பங்குச் சந்தை 2015இலும் மூடப்பட்டன. இவ்விரண்டின் வரலாறும் தனி ஆய்வுக்குரியன.)

4. பி.ஒய்.-1: கடலடியில் ஒரு பாறைக்கிணறு

காவிரிப் படுகையின் கடற்பகுதியில், ஏறத்தாழ 80 மீட்டர் நீராழத்தில் உள்ளது பி.ஒய்.-1. ஓ.என்.ஜி.சி. 1980இல் இதனைக் கண்டறிந்தது; ஆனால், மேம்படுத்தவில்லை. 1995இல் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தின்வழி ஹோயெக்கும் அமெரிக்காவின் மோஸ்பாகர் நிறுவனமும் இவ்வயலைப் பெற்றன. பின்னர்ப் பங்காளிகள் மாறி, இறுதியில் முழு உரிமையும் ஹோயெக் வசமாயிற்று. 2008இல் இத்தாலியின் எனி நிறுவனம், பர்ரன் எனர்ஜி என்னும் பிரித்தானிய நிறுவனத்தை வாங்கியதன் தொடர்ச்சியாக ஹோயெக்கில் மிகப்பெரிய பங்குதாரராயிற்று. உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களுள் ஒன்று உள்ளே வந்தது சிறு முதலீட்டாளருக்கு எத்தகைய செய்தியாக ஒலித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர் பார்க்காமலா வந்திருப்பார் என்பதே பொது எண்ணம்.

கண்டுபிடித்து 29 ஆண்டுகளுக்குப் பின், 2009 நவம்பரில் எரிவாயு கரைசேர்ந்தது. கடலடிக் குழாய்வழி அது பிள்ளைப்பெருமாள்நல்லூரை அடைந்தது. முதற்கட்டத்தில் உற்பத்தி எதிர்பார்ப்பை ஒட்டியே இருந்தது. விரைவில் அழுத்தம் குறைந்தது, உற்பத்தி சரிந்தது. எடுக்கக்கூடிய எரிவாயுவின் மதிப்பீடு பெருமளவில் குறைக்கப்பட்டது. முதலீட்டின் பெரும்பகுதியை நட்டமாகக் கணக்கெழுத நேர்ந்தது. நிறுவனத்தின் எதிர்காலமே ஒரு வயலைச் சார்ந்திருந்ததால் பங்குவிலையும் வீழ்ந்தது.

காரணம் பாறையின் இயல்பில் இருந்தது. எண்ணெய்த் தேக்கங்கள் பெரும்பாலும் மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ அமையும். அவற்றில் நுண்துளைகள் பரவலாக இருப்பதால், சில கிணறுகளைத் தோண்டி இடைப்பட்ட பகுதியைக் கணக்கிட்டுவிடலாம். பி.ஒய்.-1 அவ்வாறன்று. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது உடைந்து தாழ்ந்த தொல்பாறைமேல் படிவுகள் சேர்ந்து உருவானது காவிரிப் படுகை. அப்படிவுகளில் தோன்றிய எரிவாயு, மேடாக நின்ற கிரானைட் வகைத் தொல்பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புகளிலும் புகுந்து தங்கியது. இவ்வயலின் தேக்கம் அதுதான். பழனிமலையாக மேலே நிற்பதும் இத்தொல்பாறைக் குடும்பமே. ஆகவே, ஆழ்துளைக் கிணற்றின் இயல்பு அப்படியே இதற்கும் பொருந்தியது: வெடிப்பு எங்கே போகிறது, அடுத்த வெடிப்போடு இணைகிறதா, இணைந்தாலும் அதில் எவ்வளவு கொள்ளும் என்பனவற்றை உற்பத்தி தொடங்கிச் சில காலம் கடந்த பின்பே அறிய முடியும். தொல்பாறைத் தேக்கங்கள் எல்லாம் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. வியட்நாமின் பாக் ஹோ வயல் தொல்பாறையிலிருந்தே பேரளவில் எண்ணெய் தந்தது. காவிரிப் படுகையின் மாதானம் பகுதியிலும் ஓ.என்.ஜி.சி. தொல்பாறையில் எண்ணெய் கண்டது. பி.ஒய்.-1இன் மதிப்பீடு பொய்யென்றோ, அதை வகுத்தவர் அறியாதவர் என்றோ கூறுவது சரியன்று. அதன் பிழையெல்லை மிக அகன்றது. அந்த அகலம் பங்குதாரரின் பேச்சுக்குள் வரவில்லை.

இதே நிறுவனம் 21 விழுக்காடு பங்கு வைத்திருந்த பி.ஒய்.-3 வயலின் கதை வேறுவகை. 1988இல் ஓ.என்.ஜி.சி. கண்டறிந்த இவ்வயலில் 1997 முதல் எண்ணெய் எடுக்கப்பட்டது. ஓ.என்.ஜி.சி., டாட்டா பெட்ரோடைன் ஆகியவையும் பங்காளிகள். இயக்குநராக இருந்தது 18 விழுக்காடு பங்குடைய ஹார்டி. 2011 சூலையில் உற்பத்தி நின்றது. பாறை ஏமாற்றவில்லை, எண்ணெய் கீழே இருந்தது. மிதவை உற்பத்திக் கலத்திற்கான ஒப்பந்தம் முடிந்ததும், அடுத்து என்ன செய்வதென்று பங்காளிகள் உடன்படாததும் கிணறுகளை மூடிவைத்தன.

ஹார்டியின் தாய்நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆகவே, பிரித்தானியச் சிறு முதலீட்டாளரும் நம் கடலடியில் பங்குடையராயினர். அவர்களது நம்பிக்கை சி.ஒய்.-ஓ.எஸ்./2 என்னும் வேறொரு பகுதியில் 2007இல் கிடைத்த எரிவாயுக் கண்டுபிடிப்பின் மீது இருந்தது. கிடைத்தது எண்ணெயா, எரிவாயுவா என்பதே வழக்காயிற்று. எண்ணெயெனில் வணிகத்தகுதியை அறிவிக்க 24 மாதங்கள். தனி எரிவாயுவெனில் 60 மாதங்கள். அரசு முன்னதைக் கொண்டு, காலம் கடந்துவிட்டதென 2009இல் பகுதியைத் திரும்பப் பெற்றது. 2013இல் நடுவர் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சார்பாக அமைந்தது. நடுவர் மன்றத்தின் சட்டமுறை இருக்கை எது என்ற வினாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் இந்திய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டென முடிவு செய்தது. நிலத்தடியிலிருந்த பொருளின் பெயரைப் பற்றிய வழக்கு இவ்வாறு ஓராண்டு ஈராண்டில் முடியாமல் பதிற்றாண்டை எட்டியது.

ஹோயெக்கின் வரலாற்றை வீழ்ச்சியாக மட்டும் எழுதினால் அது அரைகுறையாகும். 2015இல் புதிய நிருவாகம் பொறுப்பேற்றது, 2017 ஆகஸ்டில் அசாமின் திரோக் வயலில் எரிவாயு உற்பத்தி தொடங்கியது, நிறுவனம் மீண்டது. கோலாரை நினைவூட்டிப் பொறுமை பேசியவர்களுக்கு இது சான்றாகலாம். ஆயினும், காவிரிக் கடலின் எரிவாயுவை நம்பிப் பங்கு வாங்கியவர், அசாமின் எரிவாயுவால் பணத்தில் ஒரு பகுதியை மீட்டார் என்றால், அவரது முதற்கணிப்பு சரியாயிற்று என்று சொல்ல இயலாது.

5. சொல்லும் எண்ணும்

எண்ணெய்த்துறையின் பன்னாட்டு வகைப்பாட்டில் நிலத்தடியில் உள்ளதாகக் கருதப்படும் மொத்த அளவு வேறு. அதில் எடுக்கக்கூடியது வேறு. எடுக்கக்கூடியதிலும் இலாபகரமாக எடுக்கக்கூடியது வேறு. கண்டறியப்பட்டதாய், எடுக்கக்கூடியதாய், வணிகத்தகுதி உடையதாய், இன்னும் எஞ்சியிருப்பதாய் உள்ள அளவே ‘இருப்பு’. அதுவும் ஒற்றை எண்ணாகாது. உறுதியான இருப்பு என்றால், மெய்யாகக் கிடைப்பது அவ்வளவோ அதற்கு மேலோ இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு. வாய்ப்புள்ள இருப்பையும் சேர்த்துச் சொல்லும் எண்ணுக்கு 50 விழுக்காடு; இயலக்கூடியதையும் சேர்த்தால் 10 விழுக்காடு. மற்றதெல்லாம் ‘வளம்’.

தமிழ் இதழியலில் இவையனைத்திற்கும் ‘எண்ணெய் வளம் கண்டுபிடிப்பு’ என்னும் ஒரே தொடர் வழங்கிவந்துள்ளது. ‘வளம்’ என்னும் சொல் நம் மொழியில் நீர்வளம், நிலவளம், வளநாடு எனப் பெருக்கத்தையும் நிறைவையும் உணர்த்துவது. நிகழ்தகவின் அடித்தட்டில் உள்ள ஓர் எண்ணிற்கு நம் மொழியின் நிறைவான சொல் ஒன்றைப் பெயராக இட்டிருக்கிறோம். ‘இருப்பு’ என்பதோ கடைக்கணக்கில் எண்ணிப் பார்த்து எழுதுவது. கையிருப்பு, நெல்லிருப்பு என்பதுபோல் ஐயத்திற்கு இடமற்றது. 90 விழுக்காடு என்னும் ஐயத்தையும் அச்சொல் விழுங்கிவிடுகிறது. கலைச்சொல்லாக்கம் குறித்த நம் விவாதங்கள் தூய்மை, எளிமை ஆகிய இரண்டையே பெரிதும் அளவுகோல்களாகக் கொண்டுள்ளன. சொல்லின் பழைய பொருட்சாயல் வாசகரின் பணமுடிவை எப்பக்கம் சாய்க்கும் என்பதையும் கருத வேண்டும் என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

மொழி மட்டுமே காரணம் எனக் கூறின் அது மிகையாகும். ஆங்கிலத்தில் வேறுபாடு தெளிவாக இருந்தும் அங்கும் ஏமாற்றம் நிகழ்ந்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி-6 பகுதியில் ரிலையன்ஸ் 2002இல் எரிவாயு கண்டது; 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எதிர்பார்க்கப்பட்டது; 2010இல் 6 கோடிக்கு மேல் எட்டிய உற்பத்தி, சில ஆண்டுகளில் 1 கோடிக்கு அருகில் சுருங்கியது. 10 இலட்சம் கோடி கனஅடி என மதிப்பிடப்பட்ட இருப்பு 2012இல் ஏறத்தாழ 3 இலட்சம் கோடியாகக் குறைந்தது. தேக்கத்தின் இயல்பே காரணம் என்றது நிறுவனம். போதிய கிணறுகள் தோண்டப்படவில்லை என்றது அரசுத்தரப்பு. ரிலையன்ஸ் பல தொழில்களுடைய நிறுவனம், தாங்கிக்கொண்டது. 10 விழுக்காடு பங்காளியான கனடாவின் நிக்கோ ரிசோர்சஸ் தாங்கவில்லை. ஒருகாலத்தில் 100 டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு சில காசுகளுக்கு வந்தது. இதே படுகையில் 2005இல் குஜராத் அரசு நிறுவனம் 20 இலட்சம் கோடி கனஅடி கிடைத்ததாக அறிவிக்கப்பட்டதும், மெய்யாக எடுக்கக்கூடியது அதில் மிகச் சிறுபகுதியே என்று தெரியவந்ததும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கவை.

6. பேச்சின் நடை

2004 மார்ச்சில் ஓ.என்.ஜி.சி.யின் 10 விழுக்காட்டுப் பங்கை அரசு விற்றது. பங்கு 750 ரூபாய் வீதம் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. 2006 திசம்பரில் கெய்ர்ன் இந்தியா 160 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. முன்னதற்குப் பெருங்கூட்டம், பின்னதில் சிறு முதலீட்டாளர் ஆர்வம் காட்டவில்லை. ஆனால், இராசசுத்தானில் மங்களா வயலை 2004இல் கண்டறிந்திருந்த கெய்ர்னின் மதிப்பீடே பின்னர் மெய்யாயிற்று. 2009இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. கூட்டம் கூடுவதற்கும் கிணறு சுரப்பதற்கும் தொடர்பில்லை.

2007-08இல் ஊர்ப்புறம்வரை எண்ணெய்ப் பங்குகளைப் பற்றிய பேச்சு பரவியிருந்ததைக் கட்டுரையாளர் சிறுவயதில் கேட்டதுண்டு. மிளகு விலையை விசாரித்த கையோடு பங்குவிலையும் விசாரிப்பார்கள். அப்பேச்சில் மூன்று வெவ்வேறு தொழில்கள் ‘எண்ணெய்க் கம்பெனி’ என்ற ஒரே பெயரில் கலந்திருந்தன: எண்ணெய் தேடுவது, சுத்திகரிப்பது, துளையிடும் கருவியை வாடகைக்கு விடுவது. மூன்றாவதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. 1986இல் தொடங்கப்பட்ட அபான் நிறுவனம் கடல்துரப்பண மேடைகளை நாள்வாடகைக்கு விடுவது; திருச்செங்கோட்டு ரிக் வண்டிபோல, கிணறு வறண்டாலும் அதற்குக் கூலி உண்டு. ஆனால், வண்டியைக் கடனில் வாங்கினால் கூலி குறையும் காலத்தில் வட்டி நிற்காது. நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தைப் பெருங்கடனில் வாங்கிய அபானின் பங்கு, 2008 தொடக்கத்தில் 5,000 ரூபாயைக் கடந்து, 2009 தொடக்கத்தில் சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. 2010 மே மாதம் அதன் ‘அபான் பேர்ல்’ மேடை வெனிசுவேலாக் கடலில் மூழ்கியது. இங்கு எண்ணெய் இருந்ததா, இல்லையா என்ற வினாவே எழவில்லை.

பேச்சில் இடம்பெறாதவை எவை என்பதும் வரலாற்றுச் சான்றே. உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் செலவு முதலில் கழிக்கப்படும். எஞ்சியதில் அரசின் பங்கு, செலவைப்போல் எத்தனை மடங்கு ஈட்டப்பட்டதோ அதற்கேற்ப உயரும். ஆகவே, எரிவாயு இருமடங்கு கிடைத்தாலும் பங்குதாரரின் இலாபம் இருமடங்காகாது. எரிவாயு விலையோ சந்தையை விட அரசு நெறிமுறையை ஒட்டியே பெரிதும் அமைந்தது. வறட்டுக் கிணற்றின் இழப்பு மட்டும் முழுமையாக அவருடையது. இவையனைத்தும் ஆண்டறிக்கைகளில் அச்சாகியுள்ளன, ஆங்கிலத்தில்.

7. நிலத்தின் மேலிருப்போர்

மதிப்பீட்டின் இன்னொரு பக்கம் வயலுக்கு மேலே வாழ்பவர். 2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப்படுகை மீத்தேன் எடுக்கும் உரிமை, இலண்டன் சந்தையில் பட்டியலிடப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. பங்குதாரர் பார்வையில் அது எதிர்கால மதிப்பு. டெல்டா உழவர் பார்வையில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் திட்டம். போராட்டங்களையடுத்துத் தமிழ்நாடு அரசு 2013இல் இடைக்காலத் தடை விதித்து, வல்லுநர் குழு அமைத்து, 2015இல் திட்டத்தை நிலையாகத் தடைசெய்தது. 2017இல் நெடுவாசல் போராட்டம் எழுந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறி, அம்மண்டலத்தில் எண்ணெய், எரிவாயு, மீத்தேன் ஆகியவற்றிற்கான புதிய தேடலையும் துரப்பணத்தையும் தடுத்தது. ஏற்கெனவே இயங்கிய திட்டங்களை அது தொடவில்லை.

இச்சட்டத்தை வேளாண் வரலாற்றில் வைத்தே பேசுவது வழக்கம். பங்குச் சந்தை வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. வணிகத்தகுதியும் எடுப்பதற்கான உரிமையும் இருந்தால்தான் நிலத்தடிப் பொருள் ‘இருப்பு’ ஆகும். புதிய கிணற்றுக்கு இசைவு இல்லையென்றால், மண்டலத்தின் அடியிலுள்ள எரிவாயு ஓரணுவும் இடம்பெயராமலே இருப்பு என்னும் பத்தியிலிருந்து வளம் என்னும் பத்திக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே நாளை கிணறு தோண்டப்படும் எனக் கணக்கிட்டு இன்று பங்கு வாங்கியவரின் கையிலிருப்பதும் அதனோடு சேர்ந்தே மாறுகிறது.